வில்லை பெருக்குவதும் நிறமாலை உரைப்பதும்: மிக மங்கலான தொலைதூர விண்மீன் பேரடைகளை அறியும் முறை

ஆய்வுச் சுருக்கம்

அண்டத்தின் இளமைக் காலத்தில் ஒளிர்ந்த சிறிய விண்மீன் பேரடைகள் இன்றுள்ள பெருந்தொலைநோக்கிகளுக்கும் எளிதில் எட்டாத அளவு மங்கலானவை. இடைவழியில் அமைந்த பெருநிறைப் பொருள்களின் ஈர்ப்பு அவற்றின் ஒளியைப் பெருக்கித் தருகிறது. அவ்வாறு பெருகிய ஒளியைப் பகுத்துத் தொலைவையும் இயல்பையும் உறுதிசெய்வது நிறமாலை ஆய்வு. இவ்விரு முறைகளும் இணையும்போது கிடைக்கும் முடிவுகளுள் எவை வில்லையின் கணக்கீட்டைச் சார்ந்து நிற்கின்றன, எவை சாராமல் நிற்கின்றன என்பதைப் பிரித்துக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம். இந்திய வானொலித் தொலைநோக்கித் தரவுகளிலிருந்து 2023-இல் வெளியான கண்டுபிடிப்பும், ஏபெல் 2744 என்னும் பேரடைக் கொத்தின் வழியாகப் பெறப்பட்ட முடிவுகளும் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன. கொடும்பாளூர் மூவர் கோயில் கல்வெட்டின் காலக்கணிப்புச் சிக்கல் ஒப்புமைக்காக எடுத்துக்கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: ஈர்ப்பு வில்லை, நிறமாலை, செம்பெயர்ச்சி, விண்மீன் பேரடை, உருப்பெருக்கம், கொடும்பாளூர்.

1. முன்னுரை

புதுக்கோட்டை மாவட்டம் கொடும்பாளூரில் உள்ள மூவர் கோயிலில் இன்று நிற்பவை இரண்டு விமானங்களே. நடுவிமானமும் தென்விமானமும் எஞ்சியுள்ளன. வடவிமானத்தின் அடித்தளம் மட்டுமே காணக்கிடைக்கிறது. ஆயினும் கோயில்கள் மூன்று என்பதில் ஆய்வாளர் எவருக்கும் ஐயமில்லை. அடித்தளம் ஒரு சான்று. பூதி விக்கிரமகேசரி என்னும் இருக்குவேள் தன் பெயராலும் தன் தேவியர் கற்றளி, வரகுணை ஆகியோர் பெயராலும் மூன்று விமானங்களை எடுப்பித்தான் என்னும் கிரந்த எழுத்தாலான வடமொழிக் கல்வெட்டு மற்றொரு சான்று. கண்ணுக்குத் தெரியாத ஒன்றைத் தம்முள் சார்பற்ற இரு சான்றுகள் நிறுவுகின்றன.

அதே கல்வெட்டு ஆட்சியாண்டு எதனையும் குறிக்கவில்லை. அதனால் கோயிலின் காலம் 9-ஆம் நூற்றாண்டா, 10-ஆம் நூற்றாண்டா என்பதில் அறிஞரிடையே நெடிய கருத்து வேறுபாடு நிலவியது. விக்கிரமகேசரி வென்றதாகக் கூறப்படும் வீரபாண்டியன் யார் என்பதைப் பொறுத்துக் காலம் மாறிவிடுகிறது. பொருள் இருக்கிறது என்பது வேறு, அது எக்காலத்தது என்பது வேறு. முன்னதற்குப் போதுமான சான்று பின்னதற்குப் போதுமானதாக இராது.

தொலைதூர விண்மீன் பேரடைகளை ஆராய்வோரும் இதே நிலையில் உள்ளனர். பால்வழியைப் போலப் பல கோடி விண்மீன்கள் ஈர்ப்பால் பிணைந்த தொகுதியே விண்மீன் பேரடை. ஓர் ஒளிப்படத்தில் மங்கலான புள்ளியாகத் தெரியும் பேரடை அண்டத்தின் தொடக்கக் காலத்ததா, அண்மைக் காலத்ததா என்பதைப் புள்ளியின் தோற்றம் மட்டும் உறுதிசெய்யாது. ‘மிகத் தொலைவிலுள்ள பேரடை கண்டறியப்பட்டது’ என்னும் செய்திகள் தமிழ் நாளிதழ்களிலும் பாடநூல்களிலும் இடம்பெறும் இக்காலத்தில், அம்முடிவுகள் எத்தகைய சான்றின்மேல் நிற்கின்றன என்பதை ஆய்வுலகம் பிரித்தறிவது தேவையாகிறது.

2. மங்கலின் காரணங்கள்

தொலைவிலுள்ள பேரடை மங்கித் தோன்றுவதற்குக் காரணங்கள் பல. ஒளிமூலத்திலிருந்து விலக விலக ஒளி பரந்து செறிவு குறைகிறது. இதனுடன் அண்டத்தின் விரிவும் சேர்கிறது. ஒளி பயணம் செய்யும் காலத்தில் வெளி விரிவதால் அதன் அலைநீளமும் நீள்கிறது. இதுவே செம்பெயர்ச்சி. செம்பெயர்ச்சி எண் 7 எனில், புறப்பட்ட அலைநீளம் எட்டு மடங்காக நீண்டு வந்து சேர்கிறது என்பது பொருள். அந்நிலையில் பேரடையின் பரப்பொளிர்வு எட்டின் நான்காம் அடுக்கு, அதாவது 4,096 மடங்கு குறைந்துவிடும். மூலத்தில் கட்புலனாகும் ஒளியாக இருந்தது, நம்மை அடையும்போது அகச்சிவப்புக் கதிராகிவிடுகிறது.

கருவியின் எல்லை மற்றொரு காரணம். தொலைநோக்கியின் உணரியில் பேரடையின் ஒளியோடு வானப் பின்னணியின் ஒளியும் கருவியின் இரைச்சலும் சேர்ந்தே பதிவாகின்றன. நோக்கும் நேரத்தைக் கூட்டினால் குறிகை தெளிவடையும். ஆனால் நேரத்தை நான்கு மடங்காக்கினால்தான் தெளிவு இரண்டு மடங்காகும். எனவே 30 மடங்கு மங்கலான பொருளை அதே தெளிவுடன் காண 900 மடங்கு நேரம் வேண்டும். ஒரு மணி நேரத்தில் முடியும் பணி ஐந்து வாரங்களுக்கு மேல் இடைவிடாது நீளும். பன்னாட்டு ஆய்வாளர் பலர் பகிர்ந்துகொள்ளும் தொலைநோக்கியில் ஒரு பொருளுக்கு இவ்வளவு நேரம் ஒதுக்கப்படுவதில்லை.

நிறமாலை ஆய்வில் இந்த இடர் மேலும் பெருகுகிறது. ஒளிப்படத்தில் ஒரே புள்ளியில் குவியும் ஒளியை நிறமாலைமானி நூற்றுக்கணக்கான அலைநீளக் கூறுகளாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு கூறுக்கும் கிடைப்பது சிறு பங்கே. ஆகவே படத்தில் தெரியும் பேரடைகள் பலவற்றுக்கு நிறமாலை கிடைப்பதில்லை.

3. ஈர்ப்பு வில்லை: கருத்தும் வரலாறும்

வானிலுள்ள பொருளையே கருவியின் உறுப்பாகக் கொள்ளும் முறை தமிழகத்திற்குப் புதிதன்று. கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் உதகமண்டலத்தை அடுத்த முத்தோரையில் 1970-இல் செயற்பாட்டுக்கு வந்த வானொலித் தொலைநோக்கி 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் உடையது. தொலைவிலுள்ள வானொலி மூலங்களை நிலவு மறைக்கும்போது குறிகை எவ்வாறு குறைந்து மறைகிறது என்பதைப் பதிவுசெய்து, அம்மூலங்களின் நுண்ணமைப்பை அறிவது அதன் தொடக்ககால நோக்கங்களுள் முதன்மையானது. அத்தொலைநோக்கியால் மட்டும் பிரித்தறிய இயலாத நுண்மையை நிலவின் விளிம்பு பிரித்துக் கொடுத்தது. நிலவு செல்லும் பாதையில் உள்ள மூலங்களை மட்டுமே இவ்வாறு ஆராய முடியும் என்பது அம்முறையின் வரம்பு. ஈர்ப்பு வில்லைக்கும் இப்பயனும் இவ்வரம்பும் ஒருசேரப் பொருந்தும்.

பெருநிறைப் பொருளின் அருகே செல்லும் ஒளி வளையும் என்பது ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் கொள்கையின் முடிவு. கதிரவனின் விளிம்பை ஒட்டி வரும் விண்மீன் ஒளி 1.75 வில்விநாடி வளையும் என்ற கணிப்பு, 1919 மே 29 அன்று நிகழ்ந்த முழுக் கதிரவ மறைப்பின்போது சோதிக்கப்பட்டது. ஒரு விண்மீன் மற்றொன்றின் ஒளியை வில்லைபோல் குவிக்கக்கூடும் என்பதை 1936-இல் எழுதிய ஐன்ஸ்டைன், அதனை நேரில் காணும் வாய்ப்பு இல்லை என்றே கருதினார். விண்மீன்களைவிடப் பேரடைகளே வில்லைகளாகச் செயற்படும் வாய்ப்பு மிகுதி என்று 1937-இல் ஃபிரிட்ஸ் சுவிக்கி சுட்டிக்காட்டினார்.

அக்கணிப்பு மெய்ப்பட 42 ஆண்டுகள் ஆயின. 1979-இல் வால்ஷ், கார்ஸ்வெல், வேமன் ஆகிய மூவரும் ஏறத்தாழ ஆறு வில்விநாடி இடைவெளியில் இரு குவாசர்கள் தோன்றுவதைக் கண்டனர். அவை தனித்தனிப் பொருள்களாகவும் இருந்திருக்கலாம். இரண்டின் நிறமாலைகளும் ஒன்றுபோல் அமைந்து, செம்பெயர்ச்சி எண்ணும் ஏறத்தாழ 1.41 என ஒத்திருந்ததே ஒரே குவாசரின் இரு பிம்பங்கள் அவை என்னும் முடிவுக்கு வழிவகுத்தது. பின்னர் ஏபெல் 370 என்னும் பேரடைக் கொத்தில் காணப்பட்ட நீண்ட ஒளிவில்லின் தன்மையும் நிறமாலையாலேயே தெளிவுற்றது. கொத்தின் செம்பெயர்ச்சி எண் ஏறத்தாழ 0.37, ஒளிவில்லின் எண் 0.72. எனவே ஒளிவில் கொத்தின் பகுதியன்று. அதற்குப் பின்னாலுள்ள பேரடையின் நீட்சியுற்ற பிம்பம். ஈர்ப்பு வில்லையின் வரலாறு தொடக்கம் முதலே நிறமாலையின் துணையோடு எழுதப்பட்டது என்பது இதனால் விளங்கும்.

இந்திய ஆய்வாளர்களின் பங்களிப்பும் இத்துறையில் முற்பட்டதே. 1980-களில் மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் சித்ரே, நரசிம்மா, சுப்பிரமணியன் ஆகியோர் ஈர்ப்பு வில்லைகளுக்கான கணித மாதிரிகளை உருவாக்கினர். பிகேஎஸ் 1830-211 என்னும் வானொலி மூலத்தின் இரட்டைத் தோற்றத்தை வில்லைப் பிம்பங்களாக விளக்கும் கட்டுரையை 1990-இல் ரவி சுப்பிரமணியன், நரசிம்மா, பிரமேஷ் ராவ், கோவிந்த் ஸ்வரூப் ஆகியோர் வெளியிட்டனர்.

‘வில்லை’ என்னும் சொல் ஒரு பிழைபட்ட எண்ணத்திற்கும் இடமளிக்கிறது. கண்ணாடிக் குவிவில்லையில் விளிம்புக்குச் செல்லச் செல்ல ஒளி மிகுதியாக வளைகிறது. அதனால் கதிர்கள் ஒரு குவியத்தில் கூடுகின்றன. செறிந்த நிறையைச் சுற்றிய ஈர்ப்பில் மையத்திலிருந்து விலக விலக வளைவு குறைகிறது. ஆகவே ஈர்ப்பு வில்லைக்குத் தனிக் குவியம் இல்லை. அது தருவது தெளிந்த ஒற்றைப் பிம்பமன்று. நீட்சியுற்ற, வளைந்த, சிலபோது பலவாகப் பிரிந்த பிம்பங்கள். மூலமும் வில்லையும் நாமும் ஒரே நேர்க்கோட்டில் அமைந்தால் பிம்பம் வளையமாகிறது.

மற்றொரு கருத்தும் தெளிவுபெற வேண்டும். ஈர்ப்பு வில்லை பரப்பொளிர்வைக் கூட்டுவதில்லை. பிம்பத்தின் பரப்பையே பெருக்குகிறது. ஒவ்வொரு சிறு பகுதியின் செறிவும் முன்போலவே இருக்க, பரப்பு விரிவதால் நமக்குக் கிடைக்கும் மொத்த ஒளி மிகுகிறது. இப்பெருக்கத்தின் அளவே உருப்பெருக்கம் எனப்படுகிறது.

4. நிறமாலை: ஒற்றைக் கோடும் இணைக்கோடுகளும்

வெப்பமுற்ற வளிமம் குறிப்பிட்ட சில அலைநீளங்களில் மட்டும் ஒளியை உமிழ்கிறது. ஹைட்ரஜன், ஆக்சிஜன் முதலிய ஒவ்வொரு தனிமத்திற்கும் உரிய கோடுகள் ஆய்வகத்தில் அளந்து அறியப்பட்டவை. தொலைவிலுள்ள பேரடையின் நிறமாலையில் அக்கோடுகள் எந்த அலைநீளத்திற்குப் பெயர்ந்துள்ளன என்பதைக் கொண்டு செம்பெயர்ச்சி எண்ணைக் கணக்கிடலாம்.

இங்கே கொடும்பாளூர்க் கல்வெட்டில் எழுந்த சிக்கல் மீண்டும் எழுகிறது. 4.0 மைக்ரான் அலைநீளத்தில் ஓர் உமிழ்வுக் கோடு மட்டும் தெரிவதாகக் கொள்வோம். அது 0.5007 மைக்ரானுக்குரிய ஆக்சிஜன் கோடு எனில் செம்பெயர்ச்சி எண் ஏறத்தாழ 7. அதுவே 0.6563 மைக்ரானுக்குரிய ஹைட்ரஜன்-ஆல்ஃபா கோடு எனில் எண் ஏறத்தாழ 5.1. ஒரே கோடு இரு காலங்களுக்கு இடமளிக்கிறது. ஒரே ‘வீரபாண்டியன்’ என்னும் பெயர் இருவேறு காலக்கணிப்புகளுக்கு இடமளித்ததைப் போன்றதே இது.

ஐயத்தைத் தீர்ப்பது இரண்டாவது சான்று. அந்த ஆக்சிஜன் கோட்டுக்கு 0.4959 மைக்ரானில் ஓர் இணைக்கோடு உண்டு. முதற்கோட்டின் செறிவு இணைக்கோட்டின் செறிவைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. ஹைட்ரஜன்-பீட்டா கோடு 0.4861 மைக்ரானில் அமைகிறது. செம்பெயர்ச்சி எல்லா அலைநீளங்களையும் ஒரே மடங்கில் நீட்டுவதால், கோடுகளுக்கிடையிலான விகிதம் மாறுவதில்லை. செம்பெயர்ச்சி எண் 7 ஆயின் இம்மூன்று கோடுகளும் முறையே 4.01, 3.97, 3.89 மைக்ரான் அளவில் தோன்ற வேண்டும். அவ்விடங்களில் அவ்விகிதத்தில் அவை தோன்றினால் தொலைவு உறுதியாகிறது.

நிறமாலை கிடைக்காதபோது, பல நிறவடிப்பான்களின் வழியே எடுத்த படங்களில் பேரடையின் ஒளிர்வை ஒப்பிட்டுத் தொலைவை மதிப்பிடுவது வழக்கம். இம்மதிப்பீடு பயனுடையது, ஆயினும் பிழைபடக்கூடியது. இதற்குத் தக்க சான்று, ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியின் முதற்படங்கள் வெளிவந்த 2022-இல் பேசப்பட்ட சியர்ஸ்-93316 என்னும் பேரடை. நிறவடிப்பான் மதிப்பீட்டின்படி அதன் செம்பெயர்ச்சி எண் ஏறத்தாழ 16.4, அதாவது அண்டம் தோன்றி ஏறத்தாழ 24 கோடி ஆண்டுகளே ஆன காலத்தது. 2023-இல் எடுக்கப்பட்ட நிறமாலை அதன் எண் 4.9 எனக் காட்டியது. அண்டத்தின் அகவை அப்போது ஏறத்தாழ 120 கோடி ஆண்டுகள். வலிமையான உமிழ்வுக் கோடுகளும் தூசியால் சிவந்த ஒளியும் சேர்ந்து, மிகத் தொலைவிலுள்ள பேரடையின் நிறத்தைப் போன்ற தோற்றத்தை உண்டாக்கியிருந்தன. அப்பேரடை வில்லையால் பெருக்கப்பட்டதன்று. ஆயினும் நிறமாலையற்ற தொலைவுக் கூற்றை எவ்வளவு எச்சரிக்கையோடு அணுக வேண்டும் என்பதை அது உணர்த்துகிறது.

5. இந்தியச் சான்று: 620 மெகாஹெர்ட்ஸில் ஒரு குறிகை

விண்மீன்கள் பிறப்பதற்கான மூலப்பொருள் ஹைட்ரஜன் வளிமம். குளிர்ந்த, அணுநிலை ஹைட்ரஜன் 21 சென்டிமீட்டர் அலைநீளத்தில், 1,420 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில், வானொலிக் கதிரை உமிழ்கிறது. இதுவும் ஒரு நிறமாலைக் கோடே. ஆனால் மிக மெலிந்த கோடு. அண்டை வெளியைத் தாண்டினால் தனியொரு பேரடையிலிருந்து இதனைப் பதிவுசெய்வது அரிது. 2016 வரையில் தனிப்பேரடை ஒன்றில் இவ்வுமிழ்வு காணப்பட்ட உச்ச செம்பெயர்ச்சி எண் 0.376 ஆகும்.

புனேக்கு வடக்கே நாராயண்காவ் அருகில், தலா 45 மீட்டர் விட்டமுள்ள 30 அலைவாங்கிகளைக் கொண்டு அமைந்துள்ளது மாபெரும் மீட்டர் அலை வானொலித் தொலைநோக்கி. இதனைக் கொண்டு இவ்வெல்லையைக் கடக்க இருவேறு வழிகள் கையாளப்பட்டன.

முதல்வழி திரட்டல். ஆதித்ய சவுத்ரி, நிசிம் கனேகர், ஜெயராம் செங்கலூர் முதலியோர் 7,653 பேரடைகளின் குறிகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சராசரி கண்டு, ஏறத்தாழ 800 கோடி ஆண்டுகளுக்கு முன்னிருந்த பேரடைகளின் ஹைட்ரஜன் அளவை 2020-இல் வெளியிட்டனர். தனித்தனியே இரைச்சலில் மறைந்திருந்த குறிகைகள் ஒன்றுசேர்ந்து புலப்பட்டன. இது ஒரு கூட்டத்தின் சராசரியை நன்கு கூறும். தனியொரு பேரடையின் நிலையைக் கூறாது.

இரண்டாம் வழி ஈர்ப்பு வில்லை. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த நிருபம் ராய், கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய அர்ணாப் சக்ரவர்த்தி ஆகிய இருவரும் அத்தொலைநோக்கியின் தரவுகளில், செம்பெயர்ச்சி எண் 1.29 உடைய தனிப்பேரடை ஒன்றின் ஹைட்ரஜன் உமிழ்வைக் கண்டறிந்து 2023-இல் அறிவித்தனர். 21 சென்டிமீட்டரில் புறப்பட்ட அலை 48 சென்டிமீட்டராக நீண்டு, 620 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் பதிவாகியிருந்தது. அக்கதிர் 880 கோடி ஆண்டுகள் பயணம் செய்தது. செம்பெயர்ச்சி எண் 0.13 அளவில் இடையிலுள்ள மற்றொரு பேரடை வில்லையாகச் செயற்பட்டுக் குறிகையை ஏறத்தாழ 30 மடங்கு பெருக்கியிருந்தது. இரண்டாம் பகுதியில் கூறிய கணக்கின்படி, வில்லை இல்லாமல் அதே தெளிவைப் பெற ஏறத்தாழ 900 மடங்கு நேரம் வேண்டியிருக்கும்.

அப்பேரடையின் அணுநிலை ஹைட்ரஜனின் நிறை அதன் விண்மீன்களின் நிறையைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு என்பது அவ்வாய்வின் முடிவு. இவ்விகிதத்தில் ஒரு நுட்பம் உண்டு. வளிமமும் விண்மீன்களும் ஒரே மடங்கில் பெருக்கப்பட்டிருந்தால், விகிதம் காணும்போது பெருக்கம் நீங்கிவிடும். பொதுவாக அணுநிலை ஹைட்ரஜன் விண்மீன்களைவிடப் பரந்த வட்டிலில் பரவியிருக்கும். வில்லையின் பெருக்கமோ இடத்துக்கு இடம் மாறுபடும். எனவே இரண்டின் உருப்பெருக்கத்தையும் தனித்தனியே மதிப்பிட்டபிறகே விகிதம் பொருளுடையதாகும். செம்பெயர்ச்சி எண்ணுக்கு இத்திருத்தம் எதுவும் தேவையில்லை.

6. ஏபெல் 2744: ஒரு வில்லை, பல முடிவுகள்

தனிப்பேரடையைவிடப் பேரடைக் கொத்து வலிமை மிக்க வில்லை. ஏறத்தாழ 350 கோடி ஒளியாண்டுத் தொலைவிலுள்ள ஏபெல் 2744 அத்தகையது. ஹப்பிள் தொலைநோக்கி தன் எல்லைப்புலத் திட்டத்தில் ஆழ்ந்து நோக்கிய ஆறு கொத்துகளுள் இதுவும் ஒன்று. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் அண்மை அகச்சிவப்பு நிறமாலைமானி ஏறத்தாழ 2,50,000 நுண்கதவுகளைக் கொண்டது. வேண்டிய பேரடைகளுக்கு நேரான கதவுகளை மட்டும் திறந்து, பின்னணி ஒளியைத் தடுத்து, ஒரே நேரத்தில் பல பேரடைகளின் நிறமாலைகளைப் பெற அது உதவுகிறது. இவ்விரண்டும் இணைந்தபோது கிடைத்த மூன்று முடிவுகள் இங்குக் கருதத்தக்கவை.

முதலாவது, ஜேடி1 என்னும் பேரடை. 2014-இல் ஒரே பேரடையின் மூன்று பிம்பங்களாக இது இனங்காணப்பட்டது. வில்லையின் வடிவியல்படி, பிம்பங்கள் அமைந்த இடைவெளிக்குச் செம்பெயர்ச்சி எண் 10-ஐ ஒட்டியிருக்க வேண்டும் என அப்போதே கணிக்கப்பட்டது. 2023-இல் வெளியான நிறமாலை அதனை 9.79 என உறுதிசெய்தது. உருப்பெருக்கம் ஏறத்தாழ 13. நிறமும் வடிவியலும் கூறியதை நிறமாலை வழிமொழிந்த இந்நேர்வு, சியர்ஸ்-93316 நேர்வுக்கு மறுதலை.

இரண்டாவது, ஹக்கீம் அடேக் தலைமையிலான குழு 2024-இல் வெளியிட்ட ஆய்வு. செம்பெயர்ச்சி எண் 6 முதல் 7.7 வரையுள்ள எட்டுக் குறும்பேரடைகளின் நிறமாலைகளை இக்குழு பெற்றது. அண்டத்தில் பரவியிருந்த நடுநிலை ஹைட்ரஜன் அக்காலத்தில் மீண்டும் அயனியாகிக்கொண்டிருந்தது. அதற்கு வேண்டிய ஆற்றலைத் தந்தவை எவை என்னும் வினா நெடுங்காலமாக நிலவியது. இக்குறும்பேரடைகள் அயனியாக்கும் கதிரை உண்டாக்கும் திறன் முன்பு கருதப்பட்டதைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு என நிறமாலைக் கோடுகள் காட்டின. அண்டத்தை ஒளி ஊடுருவும் நிலைக்குக் கொணர்ந்தவை பெரும்பேரடைகள் அல்ல, எண்ணிக்கையில் மிக்க சிறு பேரடைகளே என்னும் கருத்து இதனால் வலுப்பெற்றது.

மூன்றாவது, யுஹெச்இசட்1 என்னும் பேரடை. இதன் செம்பெயர்ச்சி எண் நிறமாலையால் 10.07 என உறுதிசெய்யப்பட்டது. அண்டத்தின் அகவை அப்போது ஏறத்தாழ 47 கோடி ஆண்டுகள். உருப்பெருக்கம் ஏறத்தாழ 4. அதே இடத்திலிருந்து சந்திரா விண்கலம் எக்ஸ் கதிர்களைப் பதிவுசெய்தது. கருந்துளையின் நிறை அப்பேரடையின் விண்மீன்களின் மொத்த நிறையோடு ஒப்பிடத்தக்க அளவினது என 2023-இல் அறிவிக்கப்பட்டது. கோயம்புத்தூரில் பிறந்தவரும் யேல் பல்கலைக்கழகப் பேராசிரியருமான பிரியம்வதா நடராஜன் இத்தகைய பேரடைகள் எவ்வாறு தோற்றமளிக்கும் என்பதை 2017-இலேயே தம் குழுவினருடன் கணித்திருந்தார். வளிமத் திரள் விண்மீன்களாகாமல் நேராகச் சரிந்து பெருங்கருந்துளை வித்தாக அமையக்கூடும் என்பது அக்கணிப்பின் அடிப்படை. இந்திய அறிவியல் கழக ஆய்வில் வில்லை ஒரு பேரடையை அளக்கப் பயன்பட்டது. இங்கே அது ஒரு கோட்பாட்டைச் சோதிக்கப் பயன்பட்டது.

7. வில்லை சார்ந்தவையும் சாராதவையும்

ஈர்ப்பு வில்லை எல்லா அலைநீளங்களையும் ஒரே கோணத்தில் வளைக்கிறது. முக்கோணப் பட்டகத்தைப் போல் நிறங்களைப் பிரிப்பதில்லை. அது அலைநீளங்களை மாற்றுவதுமில்லை. இவ்வியல்பிலிருந்து முதன்மையான ஒரு பாகுபாடு பிறக்கிறது.

செம்பெயர்ச்சி எண் வில்லையைச் சாராதது. ஒரே பகுதியிலிருந்து வரும் இரு கோடுகளின் செறிவு விகிதமும், அதிலிருந்து பெறப்படும் தனிமச் செழுமை, வெப்பநிலை முதலியவையும் பெரும்பாலும் சாராதவை. உருப்பெருக்கம் 4 ஆயினும் 13 ஆயினும் இவை மாறா. பேரடையின் உண்மையான ஒளிர்வு, நிறை, அளவு, விண்மீன் பிறப்பு வீதம் ஆகியவை வில்லையைச் சார்ந்தவை. பதிவான அளவை உருப்பெருக்கத்தால் வகுத்தே இவற்றைப் பெறுகிறோம். உருப்பெருக்கம் நேரே அளக்கப்படுவதன்று. கொத்தில் கரும்பொருள் உள்ளிட்ட நிறை எவ்வாறு பரவியுள்ளது என்னும் மாதிரியிலிருந்து கணிக்கப்படுவது.

அக்கணிப்பின் நம்பகத்தன்மை சோதிக்கப்பட்டுள்ளது. விடை முன்பே அறியப்பட்ட செயற்கைக் கொத்துகளைப் பல குழுக்களிடம் தந்து மாதிரிகளை உருவாக்கச் செய்த ஒப்பாய்வு 2017-இல் வெளியானது. உருப்பெருக்கம் 3 ஆக உள்ள இடங்களில் துல்லியம் ஏறத்தாழ 10 விழுக்காட்டுக்குள் அமைந்தது. 10 ஆக உள்ள இடங்களில் பிழை ஏறத்தாழ 30 விழுக்காடாக வளர்ந்தது. வில்லையின் உதவி எங்கே மிகுகிறதோ அங்கே அதன் ஐயப்பாடும் மிகுகிறது. மிக மங்கலான பேரடைகளே மிகுந்த உருப்பெருக்கத்தை நாடுகின்றன என்பதால், இப்பிழை நமக்கு மிகவும் வேண்டிய இடத்திலேயே பெரிதாகிறது.

மற்றொரு விலையும் உண்டு. வானத்தின் ஒரு பகுதி 10 மடங்கு பெருகித் தெரிகிறது எனில், அதன் பின்னால் நாம் உண்மையில் காணும் பரப்பு பத்தில் ஒன்றாகச் சுருங்குகிறது. ஆழம் கூடுகிறது, அகலம் குறைகிறது. எட்டுப் பேரடைகளிலிருந்து அண்டம் முழுமைக்கும் பொதுவான முடிவு கூறும்போது, அவ்வெட்டும் தம் காலத்தின் உரிய சான்றாளர்களா என்னும் வினா எழுவது இயல்பே. வேறு கொத்துகளின் பின்னாலும் இதே ஆய்வு நிகழும்போதுதான் அதற்கு விடை கிடைக்கும்.

எனவே இத்துறைச் செய்தியொன்றைப் படிக்கும்போது மூன்று வினாக்களை எழுப்பலாம். தொலைவு நிறமாலையால் உறுதியானதா, நிறத்தால் மதிப்பிடப்பட்டதா? நிறமாலையாயின் எத்தனைக் கோடுகள் தம்முள் ஒத்துப்போகின்றன? கூறப்படும் நிறையும் ஒளிர்வும் எந்த உருப்பெருக்கத்தைக் கொண்டு கணக்கிடப்பட்டன? இவற்றுக்கு விடை தரும் செய்தியைப் பாடத்தில் சேர்க்கலாம். விடை தராததை ‘கருதப்படுகிறது’ என்னும் குறிப்போடு நிறுத்திக்கொள்வது நன்று.

8. தொகுப்புரை

ஈர்ப்பு வில்லை மங்கலான பேரடையைக் காணச்செய்கிறது. அதன் காலத்தையும் இயல்பையும் உறுதிசெய்வது நிறமாலை. முன்னது இல்லையேல் பின்னதற்குப் போதிய ஒளி இல்லை. பின்னது இல்லையேல் முன்னது காட்டும் புள்ளிக்கு முகவரி இல்லை. இணைந்து செயற்படினும் இவ்விரண்டின் உறுதியும் ஒரே தரத்தன அல்ல. நிறமாலை தரும் தொலைவு வில்லையின் மாதிரி திருத்தப்பட்டாலும் மாறாது. வில்லை வழியாகப் பெறும் நிறையும் ஒளிர்வும் மாதிரி திருத்தப்படும்போது தாமும் திருத்தம் பெறும்.

முத்தோரையில் நிலவின் விளிம்பைக் கருவியாகக் கொண்ட மரபும், புனே அருகே பதிவான 620 மெகாஹெர்ட்ஸ் குறிகையும், ஏபெல் 2744-இன் பின்னால் மெய்ப்பட்ட கணிப்பும் இத்துறை நமக்கு அயலானதன்று என்பதைக் காட்டுகின்றன. சான்றுகளை எடைபோடும் முறையும் தமிழ் ஆய்வுலகம் அறிந்ததே. கொடும்பாளூரில் வடவிமானம் இருந்தது என்பதை அடித்தளமும் கல்வெட்டும் ஐயமின்றிக் கூறுகின்றன. அது எழுந்த காலத்தைக் கூற ஒரு பெயர் மட்டும் போதவில்லை. ஒற்றைக் கோட்டைக் கொண்டு ஒரு பேரடையின் காலத்தை அறுதியிடலாகாது என்னும் விதியும் அவ்வளவே. கல்வெட்டியலில் நாம் கடைப்பிடிக்கும் இந்நெறியை வானியல் செய்திகளைக் கற்பிக்கும்போதும் கடைப்பிடித்தல் தகும்.